புலனுணர்வும் சான்றும்: பிள்ளையின் துன்பத்தை அறிதல் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஒருவர் படும் வேதனையை மற்றொருவர் அறிதல் கூடுமா என்னும் வினா மெய்யியலில் மிகப் பழையது. விரிவுரை மண்டபத்தில் அது பெரும்பாலும் தருக்கத்தைக் கூர்மையாக்கும் புதிராகவே கையாளப்பட்டு வந்துள்ளது. அங்கு விடை கிடைக்காவிடினும் எவருக்கும் நட்டமில்லை. ஆயின், பாடசாலை மணி ஒலித்ததும் காதுகளைப் பொத்திக்கொண்டு மேசையின் கீழ் ஒடுங்கும் பிள்ளையின் முன் நிற்கும் ஆசிரியருக்கும், சட்டைக் கழுத்தில் தைக்கப்பட்ட சிறு துணித்துண்டு பட்டவுடன் கதறும் பிள்ளையை உடுத்திவிட முயலும் தாய்க்கும் அவ்வினா அன்றைக்கே விடை வேண்டி நிற்பதாகும். “இது வெறும் அடம்” என்பது ஒரு விடை. “இது ஒரு நோய்” என்பது இன்னொரு விடை. இரண்டும் அறிவுக்கு உரிமை கோருகின்றன. இரண்டையும் தொடர்ந்து ஒரு செயல் நிகழ்கின்றது. அச்செயலின் பயனை அனுபவிப்பவர் விடை கூறியவர் அல்லர், பிள்ளையே.

கடந்த அரை நூற்றாண்டாக இவ்விடயம் விஞ்ஞான ஆராய்ச்சியின் எல்லைக்குள் வந்துள்ளது. அவ்வாராய்ச்சி எவற்றை நிறுவியுள்ளது, எவற்றை இன்னும் நிறுவவில்லை, நிறுவப்படாத இடைக்காலத்தில் வளர்ந்தோர்மீது சாரும் கடமை யாது என்னும் மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. முதலிரண்டும் விஞ்ஞானத்துக்குரியவை, மூன்றாவது அறவியலுக்குரியது. மூன்றாவதைத் தெளியாது முதலிரண்டைப் பற்றி வாதிடுவதே இத்துறையிற் காணப்படும் குழப்பங்களுள் பெரியது எனலாம்.

1. அறிவும் அதிகாரமும்

பிள்ளையொன்றின் புலனுணர்வை முறையாக ஆராய முற்பட்ட முன்னோடிகளுள் பிரெஞ்சு மருத்துவரான இத்தார் குறிப்பிடத்தக்கவர். 1800ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தென் பிரான்சின் அவேரோன் பகுதிக் காடுகளிலிருந்து வெளிப்பட்ட, ஏறத்தாழப் பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் பாரிசிலுள்ள செவிப்புலனற்றோர் நிறுவனத்துக்குக் கொண்டுவரப்பட்டான். விக்தோர் எனப் பின்னர் பெயரிடப்பட்ட அச்சிறுவனைப் பற்றி 1801இல் இத்தார் வெளியிட்ட அறிக்கை வியப்பான செய்தியொன்றைத் தருகின்றது. அருகில் வெடித்த கைத்துப்பாக்கியின் ஓசை அவனை அசைக்கவில்லை. ஆனால், அவன் விரும்பி உண்ணும் வால்நட் கொட்டை உடைபடும் மெல்லிய ஒலிக்கு அவன் உடனே திரும்பினான். காது பழுதுபட்டிருக்கவில்லை என்பது இதனாற் புலனாயிற்று. ஓசையின் அளவு ஒன்று. அது ஓருயிருக்கு யாதாக அமைகின்றது என்பது வேறொன்று. புலனங்கத்துக்கும் புலனுணர்வுக்கும் இடையே உள்ள இவ்விடைவெளியே இன்றைய ஆராய்ச்சியின் களமாகும்.

இதே அறிக்கை மற்றொரு செய்தியையும் மறைக்காது கூறுகின்றது. விக்தோர் உயரமான இடங்களுக்கு அஞ்சுவதை இத்தார் அவதானித்திருந்தார். பாடங்களால் அவன் வெகுண்டெழுந்தபோது, அந்த அச்சத்தையே கருவியாக்கி, மேல்மாடி யன்னலுக்கு வெளியே அவனைத் தலைகீழாகப் பிடித்தார். சிறுவன் அடங்கிப் பாடத்துக்குத் திரும்பினான், பின்னர் அழுதான். தாம் அறிந்தவரையில் அவன் கண்ணீர் விட்டது அதுவே முதன்முறை என்று இத்தாரே எழுதியுள்ளார். அவர் கொடியவர் அல்லர். அச்சிறுவனுக்காக ஆண்டுகள் பலவற்றைச் செலவிட்டவர். அதனாலேயே இந்நிகழ்ச்சி கவனத்துக்குரியதாகின்றது. ஒரு பிள்ளைக்கு எது தாங்கவொண்ணாதது என்பதை அறிவது, அப்பிள்ளையைக் காக்கும் ஆற்றலைத் தருவதுபோல அடக்கும் ஆற்றலையும் தருகின்றது.

இது பழங்காலத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. 1965இல் கலிபோர்ணியாவில் லோவாசும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட ஆய்வொன்றில், ஐந்து வயதுடைய ஓட்டிச இரட்டையர் இருவர் பெரியோரை நாடிச் செல்லும் நடத்தையைப் பெறுவதற்காக, மின்னதிர்ச்சி பாயும் தளத்தில் நிறுத்தப்பட்டனர். அவர்கள் பெரியோரை நாடிச் சென்றனர் என்பதால் பரிசோதனை வெற்றியெனப் பதிவாயிற்று. வேதனை அங்கு ஆராயப்படும் பொருளாக இருக்கவில்லை. பயன்படுத்தப்படும் கருவியாக இருந்தது. நடத்தை மாறியதா என்பதை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் ஆராய்ச்சி எவ்விடத்திற் சென்று முடியலாம் என்பதற்கு இது சான்று.

2. கொள்கையின் தோற்றம்

அரிஸ்டோட்டில் புலன்களை ஐந்தெனக் கணக்கிட்டார். தொல்காப்பிய மரபியல் உற்றறிவை முதலாகவும் மனத்தை ஆறாவதாகவும் வைத்து உயிர்களை வகுத்தது. உடலின் சமநிலையை உட்செவி உணர்த்துவதும், கைகால்கள் இருக்கும் நிலையைத் தசைகளும் மூட்டுகளும் அறிவிப்பதும் இக்கணக்குகளுள் தனிப்புலன்களாக இடம்பெறவில்லை. 1906இல் ஆங்கில உடற்றொழிலியலாளர் ஷெரிங்டன், நரம்புத் தொகுதியின் தலையாய பணி ஒருங்கிணைத்தலே என விளக்கிய நூல், இவ்வுட்புலன்களுக்கும் உரிய இடத்தை வழங்கியது. உணர்வுகள் தனித்தனியே மூளைக்குள் வந்து சேர்ந்துவிடுவதால் மட்டும் உலகம் அறியப்படுவதில்லை. அவை வடிகட்டப்பட்டு, இணைக்கப்பட்டு, ஒழுங்குபடுத்தப்படல் வேண்டும்.

இக்கருத்தைப் பிள்ளைகளின் கற்றல் இடர்ப்பாடுகளோடு தொடர்புபடுத்தியவர் அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளரான ஜீன் அயர்ஸ் (1920–1988). 1972இல் வெளிவந்த அவரது நூல், புலனுணர்வுகளை ஒருங்கிணைப்பதில் ஏற்படும் குறைபாடு சில பிள்ளைகளின் கற்றலையும் நடத்தையையும் பாதிக்கின்றது எனும் கருதுகோளை முன்வைத்தது. ஊஞ்சலாடுதல், சறுக்குதல், உடலுக்கு ஆழ்ந்த அழுத்தம் கொடுத்தல் முதலியவற்றை விளையாட்டின் வடிவில் அமைத்து அவர் சிகிச்சைமுறையொன்றை வகுத்தார். 1979இல் பெற்றோருக்கென எழுதிய நூலின் வாயிலாக அவரது கருத்துகள் பரவலாயின. அவரது விளக்கங்கள் யாவும் காலத்தின் சோதனையில் நிலைபெற்றன எனக் கூறமுடியாது. எனினும், அவர் செய்த ஒரு மாற்றம் மறுக்கவொண்ணாதது. கீழ்ப்படியாமை என்ற சொல்லால் மூடப்பட்டிருந்த நடத்தையின் பின்னால் ஓர் அனுபவம் இருக்கலாம் என்பதை அவர் சிந்திக்கச் செய்தார்.

ஓட்டிசம் பற்றிய ஆராய்ச்சியிலும் இதற்கான குறிப்பு தொடக்கத்திலேயே இருந்தது. 1943இல் லியோ கனர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரை, உரத்த ஓசைகளும் அசையும் பொருட்களும் அவர்களுட் பலரை அச்சுறுத்தியதைப் பதிவு செய்துள்ளது. ஆயினும், அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூல், புலனுணர்வுத் தூண்டல்களுக்கு மிகையாகவோ குறைவாகவோ துலங்குதலை ஓட்டிசத்தின் இயல்புகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது 2013இல் வெளியான ஐந்தாம் பதிப்பிலேயே ஆகும். கண்டு எழுதப்பட்ட ஒன்று கணக்கில் எடுக்கப்படுவதற்கு எழுபது ஆண்டுகள் சென்றன.

3. காண்டல், கருதல், உரை

ஒரு பிள்ளையின் புலனுணர்வு பிறருக்கு எவ்வழியில் அறியவருகின்றது என்பதை நோக்குமிடத்து, சைவசித்தாந்த அளவையியல் செய்யும் பாகுபாடு பெரிதும் துணைபுரிகின்றது. காண்டல், கருதல், உரை என அளவைகளை வகுக்கும் சிவஞான சித்தியார், காட்சியுள்ளும் தன்வேதனைக் காட்சி என ஒன்றைப் பிரித்துக் கூறும். இன்ப துன்பங்களை அவற்றை அனுபவிக்கும் உயிர் தானே அறிவது அது. மணியோசை தரும் வேதனை பிள்ளைக்குத் தன்வேதனைக் காட்சி. மற்றையோர் அனைவருக்கும், அவர் பேராசிரியரேயாயினும், அது கருதலாகவோ உரையாகவோ மட்டுமே கிட்டும். வௌவாலின் அனுபவம் எத்தகையது என்பதை அதன் நரம்பமைப்பைப் பற்றிய முழு அறிவும் தந்துவிடாது என 1974இல் தோமஸ் நேகல் முன்வைத்த வாதமும் இவ்வெல்லையையே வேறொரு முனையிலிருந்து தொடுகின்றது.

உரைவழிப்பட்ட முறைகளுள் முதன்மையானது வினாக்கொத்து. 1999இல் வினி டன் வெளியிட்ட புலனுணர்வு விவரக்கோவை இவ்வகையில் பரவலான பயன்பாட்டைப் பெற்றது. ஆனால், இங்குப் பேசுவது பெரும்பாலும் பிள்ளையன்று; பெற்றோரே. 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இம்முறையின் இடர்ப்பாட்டை நன்கு உணர்த்துகின்றது. பாலர் வகுப்பு மாணவர் 1,796 பேரின் பெற்றோருக்கு வினாக்கொத்து அனுப்பப்பட்டது. 703 பேர் விடையளித்தனர். விடையளித்தோரை மட்டும் கொண்டு கணித்தால், இடர்ப்பாடுள்ள பிள்ளைகள் 13.7 சதவீதம். விடையளிக்காதோரின் பிள்ளைகள் எவருக்கும் இடர்ப்பாடில்லை எனக் கொண்டால் 5.3 சதவீதம். ஆய்வாளர்கள் இரண்டையும் வெளிப்படையாகவே கூறினர். ஆயினும், எண் ஒன்று கட்டுரையிலிருந்து வெளியேறியதும் அதன் நிபந்தனைகள் உதிர்ந்துவிடுகின்றன.

கருதல்வழிப்பட்ட முறைகள் உடலின் குறிகளை நாடுகின்றன. 1999இல் வெளியான ஆய்வொன்றில், ஒலி, ஒளி, மணம், தொடுகை, உடலின் சாய்வு என்பவற்றால் பிள்ளைகளைத் தூண்டி, தோலின் மின்கடத்துதிறனில் ஏற்படும் மாற்றம் அளவிடப்பட்டது. 2013இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எட்டு முதல் பதினொரு வயது வரையான சிறுவர்களுள் புலனுணர்வு இடர்ப்பாடுடைய 16 பேரையும் அஃதில்லாத 24 பேரையும் ஒப்பிட்டு, முதல் தொகுதியினரின் மூளையின் பின்பகுதி வெண்ணிறப் பொருளின் நுண்ணமைப்பில் வேறுபாடு காணப்படுவதாக அறிவித்தனர். சிறிய மாதிரியினின்று பெறப்பட்ட இம்முடிவு குழுக்களின் சராசரி பற்றியது. தனியொரு பிள்ளையை இனங்காண உதவும் சோதனையன்று.

இங்கு அறவியற் சிக்கலொன்று தோன்றுகின்றது. மூளைப்படம் வெளியாகும்வரை பிள்ளையின் முறைப்பாட்டை நம்பாதிருந்த ஒருவர், படத்தைக் கண்டதும் நம்பத் தொடங்குகின்றார் எனின், அவர் எதை நம்புகின்றார்? படம் வேதனையைக் காட்டுவதில்லை. அப்படத்துக்குப் பொருள் கிடைப்பதே, வேதனை உண்டு எனச் சொன்ன குடும்பங்களின் உரையை முன்னரே ஏற்று அப்பிள்ளைகளை ஒரு தொகுதியாகப் பிரித்தமையாலாகும். கருதல் இங்கு உரையின்மீதே கட்டப்பட்டுள்ளது. எனவே, உரையைத் தாழ்ந்த சான்றென ஒதுக்கிவிட்டுக் கருதலை உயர்ந்ததெனப் போற்றுவது, அத்திவாரத்தை இகழ்ந்து மாடியைப் புகழ்வதாகும். ஒருவர் எந்தச் சமூகத் தொகுதியைச் சேர்ந்தவர் என்பதனால் அவர் சொல்லின் நம்பகத்தன்மை குறைக்கப்படுவதை மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் சாட்சிய அநீதி என்றார். பிள்ளை என்பதாலேயே பிள்ளையின் சொல் எடை குறைவது அவ்வநீதியின் மிகப் பொதுவான வடிவமாகலாம்.

4. எதை அளப்பது?

பிள்ளையின் உரையை நம்புதல் வேறு. அவ்வுரையின்மீது எழுப்பப்படும் கொள்கையையும் சிகிச்சையையும் நம்புதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வோர் இருசாராரிலும் உளர். ஒருசாரார், பிள்ளை துன்புறுகின்றது. ஆதலால் இச்சிகிச்சை பயனுடையது என்பர். மறுசாரார், இச்சிகிச்சை நிறுவப்படவில்லை. ஆதலால் துன்பம் கற்பனை என்பர். இரண்டும் ஒரே தருக்கப் பிழையின் இரு முகங்கள்.

2012இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் வெளியிட்ட கொள்கை அறிக்கை இவ்விடத்தில் நிதானமானது. புலனுணர்வுச் செயன்முறைக் கோளாறு என்பதைத் தனியானதொரு நோய் நிர்ணயமாகப் பயன்படுத்தலாகாது என்றும், புலனுணர்வு சார்ந்த சிகிச்சைகளை விரிந்த சிகிச்சைத் திட்டத்தின் ஓர் அங்கமாக ஏற்கலாமெனினும் அவற்றுக்கான சான்று குறைவானது, முடிவானதன்று என்பதைப் பெற்றோருக்குத் தெரிவித்தல் வேண்டும் என்றும் அது கூறிற்று. அடுத்த ஆண்டு வெளியான நோய் வகைப்பாட்டு நூலும் அதனைத் தனிநோயாகச் சேர்க்கவில்லை.

பின்வந்த பரிசோதனைகளின் பெறுபேறுகள் ஒருமுகமாக அமையவில்லை. 2014இல் அமெரிக்காவில், நான்கு முதல் எட்டு வயது வரையான 32 ஓட்டிசப் பிள்ளைகளிடையே நடத்தப்பட்ட எழுமாற்றுப் பரிசோதனையில், சிகிச்சை பெற்றோர் தத்தமக்கென வகுக்கப்பட்ட இலக்குகளை நோக்கிக் கூடிய முன்னேற்றம் பெற்றனர். 2022இல் வெளியான பிரித்தானியப் பரிசோதனை பெரியது. ஓட்டிசமும் புலனுணர்வு இடர்ப்பாடும் கொண்ட 138 பிள்ளைகள் அதிற் பங்குபற்றினர். எரிச்சலும் கிளர்ச்சியும் குறைந்தனவா என்பதே அதன் முதன்மை அளவுகோல். ஆறு மாதங்களின் பின் வழமையான பராமரிப்பு பெற்றோருக்கும் சிகிச்சை பெற்றோருக்கும் இடையே அவ்வளவுகோலின்படி குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இம்முடிவுகளை எடைபோடுகையில், அளவுகோல் யாரால், யார் பொருட்டுத் தெரிவுசெய்யப்படுகின்றது என்னும் வினா தவிர்க்கவியலாதது. எரிச்சல் என்பது பெரும்பாலும் பக்கத்திலிருப்போர் காணும் பிள்ளை. பிள்ளை காணும் உலகம் அன்று. இவ்வேறுபாட்டை 2014இல் வெளியான மற்றொரு பிரித்தானிய ஆய்வு தெளிவாக்குகின்றது. நித்திரைக் குறைபாடுடைய ஓட்டிசப் பிள்ளைகளுக்குப் பாரமான போர்வையும் சாதாரணப் போர்வையும் மாறிமாறிக் கொடுக்கப்பட்டன. பாரமான போர்வை நித்திரை நேரத்தைக் கூட்டவில்லை. எனினும், பிள்ளைகளும் பெற்றோரும் அதனையே கூடுதலாக விரும்பினர். போர்வை பயனற்றது என்பதா, பிள்ளைக்கு இதமானது என்பதா சரியான முடிவு? நித்திரை நேரத்துக்கு முதலாவதே விடை. ஆயின், இதம் என்பதும் ஒரு பயனே எனக் கொள்வோர் இரண்டாவதையும் மறுக்கமாட்டார். எதனைப் பயன் எனக் கொள்வது என்பதை எந்தப் புள்ளிவிபரமும் தீர்மானிப்பதில்லை. அது ஒரு விழுமியத் தெரிவு. தெரிவு செய்தோர் அதனைத் தெரிவெனவே ஒப்புக்கொள்ளல் விஞ்ஞான நேர்மையின் பாற்படும்.

5. ஐயத்தின் நடுவே கடமை

நிச்சயமான அறிவு கிட்டும்வரை செயலற்றிருத்தல் பிள்ளை வளர்ப்பிலே இயலாது. செயலின்மையும் ஒரு செயலே; மணி தொடர்ந்து ஒலித்துக்கொண்டேயிருக்கும். எனவே, எவ்வளவு சான்று போதுமானது என்பதை, பிழைத்தால் விளையும் கேட்டின் அளவைக்கொண்டே தீர்மானித்தல் வேண்டும். வகுப்பறையின் ஓசையைத் தணித்தல், உறுத்தும் துணித்துண்டை வெட்டிவிடுதல், பிள்ளை வெறுக்கும் உணவை வாய்க்குள் திணியாதிருத்தல் முதலியவை பிழையாயினும் அவற்றால் விளையும் நட்டம் சிறிது. இவற்றுக்குப் பிள்ளையின் உரையே போதிய சான்று. ஆண்டுக்கணக்கில் நீளும் சிகிச்சை, அதற்கான பெருஞ்செலவு, பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் நோய்ப்பெயர் என்பவற்றின் நிலை வேறு. அவற்றைப் பரிந்துரைப்போர் மீது கடுமையான நிரூபணப் பொறுப்பு உண்டு. நம்பிக்கையை மலிவாகவும் சிகிச்சையை அரிதாகவும் வழங்குதல் என இந்நெறியைச் சுருக்கலாம். நடைமுறையில் இதற்கு மாறானதே பெரிதும் நிகழ்கின்றது. பிள்ளையின் சொல்லை நம்புவதற்கு வைத்தியரின் சான்றிதழ் கேட்கப்படுகின்றது; சிகிச்சையை வாங்குவதற்கோ விளம்பரமே போதுமாகின்றது.

இதற்கெதிராக வலுவான மறுப்பொன்று எழுப்பப்படலாம். உலகம் பிள்ளைக்கேற்பத் தன் ஓசையைத் தணித்துக்கொள்ளாது. இன்று விட்டுக்கொடுத்தால் பிள்ளை என்றுமே தாங்கப் பழகாது என்பது அது. இம்மறுப்பில் உண்மையின் கூறு உண்டு. பெரும்பாலான பிள்ளைகள் பெரும்பாலான தூண்டல்களுக்குப் பழகிப்போகின்றனர் என்பது வெளிப்படை. ஆனால், எல்லாப் பிள்ளைகளும் ஒரே வழியிற் பழகுவர் என்பது நிறுவப்பட வேண்டிய கூற்று. 2015இல் லொஸ் ஏஞ்சல்சிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூளையின் செயற்பாட்டைப் படம்பிடித்து ஆராய்ந்தபோது, புலனுணர்வு மிகைத்துலங்கல் கூடிய ஓட்டிசப் பிள்ளைகளில், ஒரே தூண்டல் திரும்பத் திரும்ப அளிக்கப்பட்டபோதும், அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாப் பகுதியின் துலங்கல் மற்றையோரிற் போலக் குறையவில்லை. ஆய்வுகூடத்தில் நிமிடக் கணக்கில் பெறப்பட்ட இம்முடிவைக் கொண்டு வாழ்நாள் முழுவதையும் அளத்தல் கூடாது. எனினும், “பழகினாற் சரியாகும்” என்பதை எவருக்கும் பொருந்தும் விதியாக உரைப்போரின் உறுதியை அது தளர்த்தவே செய்கின்றது. பழக்குவதாயினும், பிள்ளை தன் விருப்போடு படிப்படியாக முன்செல்வதற்கும், தப்பவழியின்றி நிறுத்தப்படுவதற்கும் இடையிலான வேறுபாடு மறக்கற்பாலதன்று. பின்னையது எதுவென்பதற்கு யன்னலும் மின்தளமும் சான்று.

ஆராய்ச்சியும் இக்கடமையினின்று விலக்குப் பெற்றதன்று. ஒரு தூண்டல் வேதனை தருகின்றதா என அறிய அத்தூண்டலை வழங்கியே ஆகவேண்டிய துறை இது. 1947இன் நூரம்பேர்க் நெறிகள் பரிசோதனைக்கு உட்படுபவரின் தன்விருப்பமான சம்மதத்தை இன்றியமையாததெனக் கூறின. 1964இன் ஹெல்சிங்கி பிரகடனம் சட்டப்படியான பாதுகாவலரின் சம்மதத்துக்கு இடமளித்தது. 1989இல் நிறைவேற்றப்பட்டு, 1991இல் இலங்கையும் ஏற்றுறுதி செய்த சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விடயங்களிற் பிள்ளை வெளியிடும் கருத்துக்கு அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பளிக்குமாறு பணிக்கின்றது. பேசாத பிள்ளைக்கும் கருத்து உண்டு. முகம் திருப்புதலும் கையை விலக்குதலும் காதைப் பொத்துதலும் மறுப்புரைகளே. அவற்றை வெறும் தரவாகப் பதிந்துகொண்டு பரிசோதனையைத் தொடரும் ஆய்வாளர், தாம் எதனை ஆராய முற்பட்டாரோ அதனையே கேளாது விடுகின்றார்.

புலனுணர்வு இடர்ப்பாட்டின் காரணங்களை நரம்பியல் ஒருநாள் இன்னும் தெளிவாக விளக்கலாம். இன்றுள்ள சிகிச்சைகளுட் சில நிலைபெறலாம், சில கைவிடப்படலாம். அவ்வளர்ச்சி வரவேற்கத்தக்கதே. ஆயின், மணியோசையின்போது காதைப் பொத்தும் பிள்ளைக்கு அதனைச் செய்ய உரிமையுண்டா என்பது அவ்விளக்கத்துக்காகக் காத்திருக்கும் வினா அன்று. நோய்ப்பெயர் கிடைத்தபின் மட்டும் காட்டப்படும் இரக்கம் பெயருக்குக் காட்டப்படுவது; பிள்ளைக்குக் காட்டப்படுவதன்று.